காருக்குள் ஒரு வானொலி நிலையம்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியதும் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேருக்கு வந்திருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் உடனே மீட்புச் செய்திகளை அனுப்பத் தொடங்கினார்கள். அப்படி ஆபத்தில் கைகொடுக்கும் வானொலியை இன்று காரிலேயே பொருத்திக்கொள்ளலாம்.

ஒரு புத்தகத்தின் அளவே இருக்கும் மொபைல் டிரான்ஸீவர், பேசவும் கேட்கவும் ஒரே கருவி. கையடக்க செட் பெரும்பாலும் 5 வாட் தரும். காரில் வைக்கும் செட் 50 வாட் வரை தரும். அப்போது சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதனால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நம்பக் கூடாது. பேட்டரியிலிருந்து தடிமனான ஒயரை நேரடியாக இழுத்து, ஃபியூஸ் போட வேண்டும்.

உயிர்நாடி ஆன்டெனாதான்.

2 மீட்டர் பேண்டில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில், கால் அலைநீள ஆன்டெனாவின் உயரம் அரை மீட்டர்தான். காந்த அடித்தளத்தோடு கூரையின் நடுவில் நிறுத்தினால், இரும்புத் தகடே அதற்குத் தரைபோலச் செயல்படும். எல்லாத் திசைக்கும் அலை சீராகப் பரவும். மலை உச்சியில் ரிப்பீட்டர் இருந்தால் இன்னும் வசதி. அது ஓர் அலைவரிசையில் கேட்டதை, அதே நொடியில் வேறோர் அலைவரிசையில் வலுவாக ஒலிபரப்பும்.

இந்தியாவில் ஹாம் வானொலிக்கு உரிமம் கட்டாயம். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வெழுதலாம். தேறியவருக்கெனத் தனி அழைப்புக்குறி கிடைக்கும். வணிகப் பேச்சுக்கு மட்டும் இங்கே இடமில்லை.