கணக்கில் வராத ஆயுதங்கள்

2002 நவம்பர் 8 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் பதினைந்து நாடுகளும் ஒருமனதாக 1441-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியதுவரை சென்ற வாரம் பார்த்தோம். 1998 டிசம்பரில் வெளியேறியிருந்த ஆயுத ஆய்வாளர்கள் மீண்டும் ஈராக்குக்குள் வந்தார்கள். நவம்பர் 27 அன்று சோதனை தொடங்கியது. இரசாயன, உயிரியல் ஆயுதங்களையும் ஏவுகணைகளையும் தேடிய குழுவுக்கு ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ் பிளிக்ஸ் தலைவர். அணு ஆயுத விவகாரம் எகிப்தியரான முகமது எல்பராதேயின் பொறுப்பு.

ஈராக் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அடுத்த சில மாதங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன, ஏறத்தாழ 500 இடங்களில். முன்தகவல் கொடுக்காமல் போனார்கள். சதாம் உசேனின் மாளிகைக் கதவும் திறந்தது. 150 கிலோமீட்டர் என்ற வரம்பைத் தாண்டிப் பாயும் அல் சமூத்-2 ஏவுகணைகளை அழிக்கச் சொன்னார் பிளிக்ஸ். 2003 மார்ச் 1-ஆம் தேதி அந்த வேலை தொடங்கியது; போர் மூள்வதற்குள் எழுபது ஏவுகணைகள் வரை நொறுக்கப்பட்டன. எல்லையில் படை வந்து நின்றதால்தான் பாக்தாத் இறங்கி வந்தது, மறுக்கவில்லை. ஆனால் இறங்கி வந்தது. உளவுத்துறைகள் ‘இங்கே தேடுங்கள்’ என்று கொடுத்த இடங்களிலும் தேடினார்கள். பேரழிவு ஆயுதம் ஓரிடத்திலும் அகப்படவில்லை.

பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பாதுகாப்பு மன்றத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். சிறு குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஈராக்கில் லாரிகளுக்குள் நோய்க்கிருமி தயாரிக்கிறார்கள், நேரில் பார்த்தவரே சொல்லியிருக்கிறார் என்றார். அந்தச் சாட்சி, ஜெர்மனியில் தஞ்சம் கேட்டு வந்த ஈராக்கியப் பொறியாளர். உளவுத்துறை அவருக்கு வைத்த பெயர் ‘கர்வ்பால்’. அவரை விசாரித்தது ஜெர்மன் உளவுத்துறை. அமெரிக்க உளவுத்துறை போருக்கு முன் அவரை நேரடியாக விசாரித்ததே இல்லை.

பவல் பேசிய மூன்றாம் நாள் ஆய்வாளர்கள் அந்தச் சாட்சி அடையாளம் சொன்ன இடத்துக்கே போனார்கள். பாக்தாத் அருகே ஜெர்ஃப் அல் நதாஃப். விதை சுத்தம் செய்யும் கிடங்கு அது. லாரிகள் கட்டடத்தின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் என்று அவர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால், லாரி அப்படிப் போக முடியாதபடி சுவர் குறுக்கே நின்றது. எடுத்த மாதிரிகளிலும் கிருமி இல்லை. தான் சொன்னது பொய் என்று 2011-இல் அவரே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அந்தச் சுவர் அதைச் சொல்லிவிட்டது. வாஷிங்டனில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அணு ஆயுதக் குற்றச்சாட்டும் இப்படித்தான் விழுந்தது. நைஜர் நாட்டிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றது என்பதற்கான காகிதங்களை எல்பராதேயின் அலுவலகம் கேட்டு வாங்கிப் பார்த்தது. 2000-ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு கடிதத்தில், 1989-லேயே பதவியிழந்த வெளியுறவு அமைச்சரின் கையெழுத்து! அவை உண்மையானவை அல்ல என்று மார்ச் 7 அன்று பாதுகாப்பு மன்றத்திலேயே எல்பராதே அறிவித்தார். யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிக்கென்று சொல்லப்பட்ட அலுமினியக் குழாய்களும் 81 மில்லிமீட்டர் ராக்கெட் செய்வதற்கானவை என்றே தெரிந்தது. அமெரிக்க எரிசக்தித் துறையின் நிபுணர்களே அந்தக் குழாய்கள் மையவிலக்குக்கு ஆகாது என்று முன்னரே சொல்லியிருந்தார்கள்.

ஈராக் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. டிசம்பரில் அது கொடுத்த ஏறத்தாழ 12,000 பக்க அறிக்கையில் பெரும்பகுதி பழைய சரக்கு. ஆந்த்ராக்ஸ், வி.எக்ஸ். நஞ்சு ஆகியவற்றின் கணக்கு இடித்தது. ஜனவரி 27 அன்று பிளிக்ஸ் அதைக் கடுமையாகவே கண்டித்தார். ஆனால் கணக்கில் வரவில்லை என்று அவர் சொன்னதை, ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று மாற்றிப் படித்தார்கள். பேரேட்டில் நூறு மூட்டை குறைந்தால், அது எலி தின்றதாகவும் இருக்கலாம், எழுதாமல் விட்டதாகவும் இருக்கலாம். கிடங்கைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் கணக்குப்பிள்ளையைத் திருடன் என்பது அநியாயம். இங்கே எண்ணிக்கொண்டிருந்தவர்களையே பாதியில் எழுப்பிவிட்டார்கள்.

மிச்ச வேலைக்கு ஆண்டுகள் வேண்டாம், வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும் என்று மார்ச் 7 அன்று பிளிக்ஸ் கேட்டார். பத்தாம் நாள் ஜார்ஜ் புஷ் சதாமுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தார். 18-ஆம் தேதி ஆய்வாளர்கள் ஈராக்கைவிட்டு வெளியேறினார்கள். 20-ஆம் தேதி குண்டு விழுந்தது.

போருக்குப் பின் அமெரிக்காவே ஒரு பெரும் ஆய்வுக்குழுவை அமைத்துத் தேடியது. அதன் முதல் தலைவர் டேவிட் கே, நாங்கள் ஏறக்குறைய அனைவருமே தவறு செய்துவிட்டோம் என்று 2004 ஜனவரியில் செனட் குழு முன் ஒப்புக்கொண்டார். இரசாயன ஆயுதக் கையிருப்பை ஈராக் 1991-லேயே அழித்துவிட்டது என்று அவருக்குப் பின் வந்த சார்லஸ் டெல்ஃபரின் அறிக்கை சொன்னது. அமைதியான வழிகள் தீருமுன்பே போரில் இறங்கினார்கள் என்பது 2016-இல் வந்த பிரிட்டனின் சில்காட் அறிக்கையின் முடிவு.

உளவுத்துறை ஏமாந்துவிட்டது, தலைவர்கள் என்ன செய்வார்கள் என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மார்ச் 7-க்குள் யுரேனியக் காகிதமும் குழாயும் மன்றத்திலேயே உடைந்துவிட்டன, கிடங்கில் கிருமி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் படையெடுத்தவர்கள் தெரிந்தேதான் படையெடுத்தார்கள்.

45 நிமிடத்தில் ஈராக் தாக்கும் என்ற வாசகம் லண்டனின் ஆவணத்துக்குள் எப்படி வந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)