பூச்சு ஏன் உரிந்தது?

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம்மவருக்குப் புதிதன்று. அதை அருகிருந்து பார்த்தவர்க்கு ஓர் உண்மை தெரியும். சுண்ணாம்பைக் கரைத்து அடிப்பது அரைநாள் வேலை; பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்பதோ முழுநாள் வேலை. சுரண்டாத சுவரில் அடித்த வெள்ளை, அடுத்த மழைக்குள் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். இந்த எளிய உண்மையை ஒரு பழைய காரின் கதவருகே நான் மறந்துபோனேன். வேதியியலில் முதுகலை பயிலும் மாணவன் மறக்கத் தகாத உண்மை அது. மறந்ததால் நேர்ந்ததையும், பின்னர்க் கற்றதையும் நம் சங்க நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வண்டி

என் தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தவர். 28 ஆண்டுகள் பிறருடைய கார்களை ஓட்டினார். எத்தனையோ வீட்டு மணப்பெண்களை மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். 2019-இல்தான் தமக்கென்று ஒரு வண்டி வாங்கினார். அது 2009-இல் பதிவான ஒரு மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கி, 2014 சனவரியோடு உற்பத்தி நின்றுபோன அந்தச் சிறு காரை அறியாதார் நம்மில் இல்லை. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் அல்லவா? அது முடிந்ததும், 2024-இல் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டார்.

எஞ்சினுக்குக் குறைவில்லை. உட்புறந்தான் கண்கொண்டு பார்க்க முடியாதபடி இருந்தது. கதவுகளின் ரெக்சின் வெளுத்து, தொட்டால் பிசுபிசுத்தது. தூண்களை மூடிய பிளாஸ்டிக் துண்டுகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. தரைவிரிப்பில் மழைக்கால நாற்றம் நிலைத்துவிட்டது. தை மாதத்தில் அக்காளுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. மகளைத் தம் சொந்த வண்டியில் மண்டபத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது தந்தையாரின் ஆசை. குஷன் கடையில் கேட்ட தொகையோ எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. “நான் வேதியியல் படிக்கிறவன், பார்த்துக்கொள்கிறேன்” என்று நான் முன்வந்தேன்.

செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், கடைக்காரர் கொடுத்த தெளிப்பு டப்பாவைக் கொண்டு ஒரு கதவுக்கும் ஒரு தூண் மூடிக்கும் வண்ணம் அடித்தேன். அன்று மாலை அது புத்தம் புதிதாகத் தோன்றியது. மூன்றாம் நாள் தந்தையார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பினார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முழங்கைப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சாம்பல் நிறத் தோல் ஒட்டியிருந்தது. கதவின் பூச்சு அப்படியே கழன்று வந்திருந்தது. அவர் கோபிக்கவில்லை. “ஏல, துடைச்ச துணி வெள்ளையா வந்த பொறவா பெயிண்ட் அடிச்ச?” என்று மட்டும் கேட்டார். நான் துணியைப் பார்க்கவே இல்லை.

ஒட்டுதல் என்பது யாது?

பூச்சு ஒரு பொருளின்மேல் நிற்க வேண்டுமானால் முதலில் அது அப்பொருளை நனைக்க வேண்டும். தாமரை இலையில் நீர் உருண்டோடுவதையும், மண்சுவரில் அதே நீர் பரவி ஊறுவதையும் பார்த்திருக்கிறோம். ஒரு திடப்பொருளின் மேற்பரப்பு ஆற்றல், அதன்மேல் இடும் திரவத்தின் பரப்பு இழுவிசையைவிட மிகுதியாக இருந்தால் திரவம் நன்றாகப் பரவும். குறைவாக இருந்தால் துளித்துளியாகத் திரளும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லி நியூட்டன். பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு ஆற்றல் ஏறத்தாழ 30 தான். கார்களின் மெருகு எண்ணெயில் கலந்திருக்கும் சிலிக்கோனுக்கோ 20-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

இப்போது என் தவறு விளங்கும். முந்தைய உரிமையாளர் பளபளப்புக்காகப் பல ஆண்டுகள் மெருகு தடவியிருக்கிறார். ரெக்சினின் மேல் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கோன் படலம் இருந்தது. அன்றியும், ரெக்சினின் மேல்தோல் பி.வி.சி. ஆகும். அதற்கு நெகிழ்ச்சி தரச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள்கள் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறி மேலே படியும். பிசுபிசுப்புக்கும், கோடையில் முன்கண்ணாடியின் உட்புறம் படரும் மங்கலுக்கும் காரணம் அவையே. ஆக, நான் வண்ணம் அடித்தது கதவின்மேல் அன்று. கதவின்மேல் இருந்த எண்ணெயின்மேல்!

தூண் மூடியின் கதை வேறு. அதைக் கழற்றிப் பின்புறம் பார்த்தபோது, பி.பி. என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தன. இக்காலத்துக் கார்களின் பெரும்பாலான பிளாஸ்டிக் துண்டுகளில் இத்தகைய குறியைக் காணலாம். பி.பி. என்றால் பாலிபுரோப்பிலீன், ஏ.பி.எஸ். என்றால் வேறு இனம். ஏ.பி.எஸ்.ஸை வண்ணத்திலுள்ள கரைப்பான் சிறிது இளக்கும். இளகிய பரப்பில் பூச்சு வேர்பிடிக்கும். பாலிபுரோப்பிலீனை அறை வெப்பநிலையில் அத்தகைய கரைப்பான்கள் இளக்குவதில்லை. பற்றிக்கொள்ளத் தக்க முனைவுள்ள தொகுதிகளும் அதன் மூலக்கூற்றில் இல்லை. ஜூலியோ நாட்டா 1954-இல் இதனை ஒழுங்கான அமைப்புடன் உருவாக்கினார். அத்துறை ஆய்வுக்காக 1963-இல் கார்ல் சீக்ளரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எதனோடும் எளிதில் சேராத அதன் இயல்பே வாளிக்கும் கயிற்றுக்கும் அதை உகந்ததாக்கியது. வண்ணம் அடிப்பவனுக்கு அதுவே இடையூறு.

இதற்கு மருந்து உண்டு. குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் என்னும் பொருளை இடைப்பூச்சாக அடிப்பார்கள். அதன் ஒருபகுதி பாலிபுரோப்பிலீனுக்கு உறவு. மறுபகுதி வண்ணத்துக்கு உறவு. பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் என்று கேட்டால் பெரிய பெயிண்டுக் கடைகளில் கிடைக்கும். அது உலரும் முன்போ, நெடுநேரம் கழித்தோ அல்லாமல், டப்பாவில் குறித்த நேரத்துக்குள் மேற்பூச்சை அடிக்க வேண்டும்.

இரண்டாம் முறை

மழை ஓய்ந்து, டிசம்பர் பிறந்தபின் மீண்டும் தொடங்கினேன். காலம் பார்த்துத் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நீர் அங்கே படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். மும்பையின் மழைக்காலம் இவ்வேலைக்கு ஆகாது.

வண்டிக்குள் வைத்து அடிக்காமல், துண்டுகளைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுசென்றோம். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்ற வழி தெரியாமல் விழித்தேன். தந்தையார் ஒரு பழந்துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் செருகி இருபுறமும் இழுத்தார். உள்ளிருந்த கம்பிக் கொக்கி துள்ளி விழுந்தது. 28 ஆண்டுப் படிப்பு அது.

பின்பு செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு மூன்று முறை கழுவினோம். உலர்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்ககால் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தோம். துணியில் அழுக்கு வந்தவரை புதுத்துணி மாற்றி மாற்றித் துடைத்தோம். ஒரு கதவுக்கு எட்டுத் துணிகள் ஆயின. அசிட்டோனை நாடாதீர்கள், அது ஏ.பி.எஸ்.ஸைக் கரைத்து உருக்குலைத்துவிடும். அடுத்து, கடின பிளாஸ்டிக்கை மட்டும் 600-ஆம் எண் உப்புத்தாளை நீரில் நனைத்து இலேசாகத் தேய்த்தோம். பின்னர் நீரைத் தெளித்துப் பார்த்தோம். துளி திரண்டால் அழுக்கு இன்னும் இருக்கிறது என்று பொருள். பாலிபுரோப்பிலீனில் மட்டும், அதன் இயல்பினால், துடைத்த பின்னும் நீர் திரளும். அங்கே துணியின் வெண்மையே சான்று.

ரெக்சினுக்கு அதற்கென்று விற்கும் நெகிழ்பூச்சையே வாங்க வேண்டும். அதைச் சாயம் என்று கடைகளில் சொன்னாலும், உண்மையில் அது நிறமியும் நெகிழும் பிசினும் சேர்ந்த மெல்லிய பூச்சே. மரத்துக்கும் இரும்புக்கும் ஆன எனாமலை அடித்தால், ரெக்சின் வளையும்போது அது வெடித்துவிடும். 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, பனி படிவதுபோல் அடிக்க வேண்டும். முதல் அடிப்பில் பழைய நிறம் தெரிந்தால் கவலை வேண்டா. பத்து நிமிட இடைவெளியில் நான்கு மெல்லிய அடிப்புகள், ஒரே தடித்த அடிப்பைக் காட்டிலும் உறுதியானவை.

ஒருவாரம் கழித்துச் சோதனை செய்தேன். மறைவான ஓரத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சடக்கென்று இழுத்தேன். ஆய்வுக்கூடங்களில் பூச்சின் ஒட்டுதலை அளக்கும் முறைகளுள் இதுவும் ஒன்று. செப்டம்பரில் பூசிய தூண் மூடியில் இதைச் செய்தபோது தாள்போல் உரிந்து வந்தது. இம்முறை நாடாவில் ஒரு பொட்டுக்கூட வரவில்லை.

தரைவிரிப்பு

விரிப்பின் நிறத்தை மாற்றுவது இதனினும் கடினம். காரின் விரிப்புகள் பெரும்பாலும் பாலியெஸ்டர், நைலான், பாலிபுரோப்பிலீன் ஆகிய இழைகளால் ஆனவை. நைலான் அமிலச் சாயங்களை ஏற்கும். ஆனால் அதற்கும் வெந்நீர் வேண்டும். பாலியெஸ்டருக்கு ஆலைகளில் 130 டிகிரி செல்சியசு வரை வெப்பத்தில் சாயம் ஏற்றுவார்கள். பாலிபுரோப்பிலீனுக்கோ நூலாக இழுக்கும் முன்பே, உருகிய நிலையில் நிறம் கலந்துவிடுவார்கள். இவற்றை நம் மாடியில் செய்ய இயலாது. ஆகையால் வீட்டில் நாம் செய்வது சாயமேற்றுதல் அன்று. நிறமியை ஒரு பிசினால் இழையின்மேல் ஒட்டுவதே.

இருக்கைகளின் போல்ட்டுகளைக் கழற்றி விரிப்பைத் தூக்கியபோது எங்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அடியிலிருந்த கம்பளி மெத்தை ஊறிய பஞ்சுபோல் இருந்தது, தகரத்தில் துரு. கதவின் அடியிலுள்ள நீர்வடியும் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தன. விரிப்பைத் தூக்காமல் மேலே நிறம் தெளித்திருந்தால், அழகான விரிப்பின் கீழ்த் தரை அரித்துக்கொண்டே போயிருக்கும். துளைகளைத் திறந்து, துருவைச் சுரண்டி, துருத்தடைப் பிரைமர் அடித்தோம். விரிப்பைச் சோப்பு நீரில் துவைத்து, மூன்று நாள் வெயிலில் உலர்த்தினோம்.

அதன்பின் துணிக்கான கருஞ்சாம்பல் பூச்சை நீர்க்கக் கலந்து, கைத்தெளிப்பானால் இலேசாகத் தெளித்து, உடனே நைலான் பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் வாரினேன். உலர உலர வாரிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, விரிப்பு அட்டைபோல் விறைத்துவிடும். வெளிர்நிறத்தைக் கருநிறமாக்கலாம், கருநிறத்தை வெளிர்நிறமாக்க முடியாது. முடிவில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, நிறம் வருவது நிற்கும்வரை துடைத்தேன். விரிப்பு புதியதாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரே நிறமாயிற்று, நாற்றம் போயிற்று. கால்படும் இடத்தில் பூச்சு தேயும். அங்கே மிதியடி போடத்தான் வேண்டும்.

தொடக் கூடாதவை

இருக்கைப் பட்டையின் நாடாவில் வண்ணமோ கரைப்பானோ படவே கூடாது; அதன் வலுவில்தான் உயிர் இருக்கிறது. காற்றுப்பை உள்ள வண்டிகளில் அதன் மூடியையும் விட்டுவிடுங்கள். விபத்தில் அது குறித்த இடத்தில் கிழிந்து திறக்க வேண்டும். 2019 சூலை முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாதலின், இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்டியரிங் வளையமும் பிரேக் மிதியும் வழுக்கக் கூடாதவை. அவற்றிலும் பூச வேண்டா. டாஷ்போர்டின் மேற்பகுதிக்குப் பளபளப்பான பூச்சு ஆகாது. அதன் நிழல் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும்.

தெளிப்பு வண்ணங்களில் டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கக்கூடும். அவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றைவிடக் கனமாதலின் தாழ்வான இடத்தில் தங்கும். மூடிய வண்டிக்குள் தெளிப்பது பேராபத்து. துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கரிப்பொதி உள்ள முகமூடியே வேண்டும். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் ஐசோசயனேட் வகைப் பூச்சுகளை வீட்டில் தொடாதீர்கள்; அவை நுரையீரலைத் தாக்குவன.

தை மாதம் அக்காளின் திருமணம் இனிதே நடந்தது. தந்தையார் வெள்ளைச் சட்டை உடுத்தி, கதவின்மேல் முழங்கையை ஊன்றியபடியே வண்டியை ஓட்டினார். மண்டபத்து வாசலில் அக்காளை இறக்கியபின் தம் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதில் ஒன்றும் இல்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருக்கலாம். வண்ண டப்பாவை வாங்கும் முன் பத்து வெள்ளைத் துணிகளை எடுத்து வையுங்கள். பத்தாவது துணி வெள்ளையாக வந்தபின் டப்பாவைத் திறவுங்கள்.