பழைய லொறி வாங்கப் போகிறீர்களா?





அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் நாட்களில் நமது கிழக்கிலங்கைக் கிராமங்களில் வழக்கமாக ஒரு பேச்சு எழும். "ஒவ்வொரு போகமும் வாடகை கொடுத்தே களைத்துப் போனோம். சொந்தமாக ஒரு லொறி இருந்தால் நமது நெல்லையும் ஏற்றலாம், அயலவர் நெல்லையும் ஏற்றிச் சம்பாதிக்கலாம்" என்று வீட்டுக்காரர் தொடங்குவார். புதிய லொறிக்கு வசதி இல்லை. பழைய இசுசு எல்ஃப் ஒன்றோ மிட்சுபிஷி கென்டர் ஒன்றோ பக்கத்து ஊரில் விலைக்கு நிற்கிறது. மீற்றர் நான்கு இலட்சம் கிலோமீற்றர் காட்டுகிறது. விலை பரவாயில்லை, ஆனால், கையில் இருப்பது போதாது. "இஞ்ச பாரு புள்ள, அந்த மாலையையும் காப்பையும் தந்தால் காரியம் முடிஞ்சிடும்" என்று பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

வாகனம் வாங்குவது ஆண்களின் விடயம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால், வீட்டின் சேமிப்பு முழுவதும் அதில் போகிறதென்றால் அது குடும்பத்தின் விடயம். ஆகவே "தருகிறேன்" என்றோ "தரமாட்டேன்" என்றோ சொல்வதற்கு முன்னர் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கு எழுதுகிறேன்.

நகை யாருடையது?

மஹராகக் கிடைத்ததும் பெற்றோர் உங்களுக்கென்று போட்டதும் உங்கள் சொத்து. மஹரிலிருந்து மனைவியர் மனமுவந்து எதையேனும் விட்டுக் கொடுத்தால் அதைக் கணவர் மகிழ்வோடு அனுபவிக்கலாம் என்று ஸூரத்துன் நிஸாவின் நான்காவது வசனம் அனுமதிக்கிறது. மனமுவந்து என்பதே அங்கு நிபந்தனை. முகத்தைத் தூக்கி வைத்துப் பெறுவதும் பேசாதிருந்து பெறுவதும் மனமுவந்து கொடுத்தது ஆகாது.

கொடுப்பதாக முடிவு செய்தால் எந்த வகையில் கொடுக்கிறீர்கள் என்பதை இருவரும் முதலிலேயே பேசிக் கொள்ளுங்கள். அது அன்பளிப்பா, கடனா, பங்கா? அன்பளிப்பு என்றால் பின்னர் கேட்பதற்கு இல்லை. பங்கு என்றால் இலாபத்தைப் போல நட்டத்திலும் உங்களுக்குப் பங்குண்டு. நகையையே கடனாகக் கொடுத்தால் தங்கமாகவே திரும்பி வர வேண்டும். நீங்களே விற்று ரூபாவைக் கடனாகக் கொடுத்தால் ரூபாவே திரும்பி வரும். தங்கத்தின் விலை ஏறும் காலத்தில் இந்த வேறுபாடு பெரிது. எத்தனை பவுண் என்று நிறுத்து எழுதி வையுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. கணவன் மனைவிக்கிடையில் எழுதுவது நம்பிக்கையீனம் அல்ல. நாளை வரக்கூடிய மனக்கசப்புக்கு இன்றே போடும் வேலி.

ஓடிய தூரம் குற்றமல்ல, மறைப்பதே குற்றம்

நான்கு இலட்சம் என்ற எண்ணைக் கண்டதும் பயப்பட வேண்டாம். காலத்துக்குக் காலம் ஒயில் மாற்றி, வடிகட்டி மாற்றி, அளவோடு பாரம் ஏற்றிய டீசல் இயந்திரம் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடும். நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொழும்புக்கும் கல்முனைக்கும் ஓடிய லொறியை விட, அதன் பாதித் தூரமே ஓடினாலும் ஆற்று மணலை அளவுக்கு மீறி ஏற்றி மேடு பள்ளங்களில் உழன்ற லொறி மிகவும் தேய்ந்திருக்கும். வயல் லொறியும் அப்படித்தான். வட்டைச் சேற்றில் புதைந்து முதல் கியரில் முக்கி முனகியதை எந்த மீற்றரும் எழுதி வைப்பதில்லை.

அஞ்ச வேண்டியது குறைந்த எண்ணைக் கண்டுதான். மீற்றரைப் பின்னோக்கித் திருப்பி வைக்கும் கைவேலை நம் நாட்டிலும் உண்டு. ஐந்து இலக்கம் மட்டுமே உள்ள பழைய மீற்றராயின் 99,999ஐக் கடந்ததும் அது மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். ஆகவே மீற்றரை மற்றச் சாட்சிகளோடு ஒப்பிட வேண்டும். கிளச், பிரேக் மிதிகளின் றப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா? ஸ்டியரிங் வளையம் வழுவழுத்திருக்கிறதா? சாரதியின் ஆசனம் குழிந்திருக்கிறதா? இவையெல்லாம் முதுமையைச் சொல்ல, மீற்றர் மட்டும் இளமையைச் சொன்னால் பொய் சொல்வது யார் என்று விளங்கிவிடும்.

இந்த ஏமாற்று புதியதல்ல. அக்காலத்தில் ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறக்காது மடியில் தேக்கி வைப்பார்கள். வாங்குபவர் நிறைந்த மடியைக் கண்டு அதிகம் பால் தரும் பிராணி என்று நம்பி விடுவார். இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக் கொள்ளலாம். இல்லையேல், கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். ஆலையை விற்கும்போது வாய்க்கால் நீரைத் தேக்கி வைத்து, வாங்குபவர் வந்ததும் திறந்து விட்டு வேகமாகச் சுழலச் செய்வதையும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் இதே வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். திருப்பிய மீற்றரும், புகையை மறைக்க இயந்திரத்தில் ஊற்றிய தடித்த ஒயிலும், துருவின் மேல் பூசிய புது வர்ணமும் அந்த நிறைந்த மடியின் இன்றைய உருவங்களே.

விடியற்காலையில் பாருங்கள்

உங்கள் கணவர் லொறி பார்க்கப் போவதாயின் சுபஹ் தொழுகையோடு போகச் சொல்லுங்கள். இயந்திரம் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு கேள்விக்குறி. நம்பிக்கையான கராஜ்காரர் ஒருவரையும் கூட்டிச் செல்லட்டும். ஆனால், அவர் விற்பவரிடம் தரகு வாங்குபவராக இருக்கக் கூடாது.

குளிர்ந்த இயந்திரம் எத்தனை சுற்றில் பற்றுகிறது என்று கவனிக்க வேண்டும். புகையின் நிறமும் பேசும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை என்றால் டீசல் முழுவதும் எரியவில்லை. பம்ப், நொசில், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சூடேறிய பின்னரும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவி பலமாக அடித்து வெளியேறுகிறதா? அப்படியானால் பெரிய செலவு காத்திருக்கிறது. ரேடியேற்றர் மூடியை மட்டும் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். தண்ணீரில் ஒயில் மிதந்தால் அந்த லொறி வேண்டாம்.

பின்னர் கீழே குனிந்து செசியைப் பார்க்க வேண்டும். நாம் கடலோரத்தில் வாழ்பவர்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். ஸ்பிரிங் தகடுகள் பொருந்தும் இடங்களில் வெடிப்போ, வெல்டிங் தழும்போ இருக்கிறதா? இயந்திரத்தைத் திருத்தலாம், முதுகெலும்பு முறிந்த லொறியைத் திருத்துவது கடினம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் வயது போன டயர் பாரத்தில் வெடிக்கும். பின்னால் இரட்டை டயர் உள்ள லொறிக்கு ஆறு டயர் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கடைசியாகப் பாரத்துடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் லொறி யாருக்கும் ஓடும்.

பத்திரங்கள்

பதிவுச் சான்றிதழில் உள்ள இயந்திர இலக்கமும் செசி இலக்கமும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால் கடன் தீர்ந்து விடுவிப்பு வரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றாது கைமாறிக் கைமாறி வந்த லொறி மலிவாகக் கிடைக்கும். முதல் உரிமையாளரைத் தேடி அலையும்போதுதான் அந்த மலிவின் விலை தெரியும். வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். ஒரு பக்கத்தில், சென்ற வருடம் இரு போகத்திலும் வாடகைக்குக் கொடுத்த மொத்தத்தை எழுதுங்கள். மறுபக்கத்தில் டீசல், சாரதி, காப்புறுதி, அனுமதிப்பத்திரம், டயர், திருத்தச் செலவு என்று எழுதுங்கள். போகம் இல்லாத மாதங்களில் லொறிக்கு என்ன வேலை என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். "அயலவர் ஏற்றுவார்கள்" என்பது பதிலல்ல. எந்த அயலவர், எத்தனை நடை என்று கேளுங்கள்.

டீசல் விலை நம் கையில் இல்லை. 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், அவ்வாண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 100 கிலோமீற்றர் செல்ல முன்னர் ஏறக்குறைய 1,730 ரூபா போதும். பின்னர் 6,570 ரூபா வேண்டியிருந்தது. அதுவும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு! தேய்ந்த இயந்திரம் லீற்றருக்கு 5 கிலோமீற்றர்தான் ஓடுமென்றால் மலிவு விலை டீசலிலேயே கரைந்து விடும்.

"வாங்கிய விலைக்கு மேல் விற்கலாம்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால்தான் பழைய வாகனங்களுக்கு அந்த மதிப்பு வந்தது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தத் தடை தளர்த்தப்பட்டு விட்டது.

விலையில் நான்கில் ஒரு பங்கையாவது திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வைக்க முடியாவிட்டால் அந்த லொறி உங்கள் வசதிக்கு மேற்பட்டது. குறைப் பணத்துக்காக நகையை வட்டிக்கு அடகு வைத்து வாங்குவதோ, ஹலாலான உழைப்பின் அடியில் ஹராமைப் புதைப்பதாகும். வாகனத்தை முதலில் தானே வாங்கி உடைமையாக்கி, இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கும் முராபஹா முறை நம் நாட்டிலும் உண்டு. அதுவும் இயலாவிட்டால் இன்னும் ஒரு போகம் பொறுத்திருங்கள்.

"என் பொறுப்பல்ல" என்றால்?

"பார்த்துத்தானே வாங்குகிறீர்கள், பிறகு என் பொறுப்பல்ல" என்று விற்பவர் சொல்வார். இந்த ஒரு வார்த்தையால் அவர் தப்பிவிட முடியாது. எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்றாலும், உயிர்ப் பிராணியில் அவர் அறியாத உட்குறை நீங்கலாக ஏனையவற்றுக்கு அவர் பொறுப்பாளியே என்பதுதான் நமது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. குறையைக் கண்டால் தாமதிக்காது திருப்ப வேண்டும். கண்ட பின்னரும் நெல் ஏற்றிக் கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். மூன்று நாள் தவணை கேட்டு, அதற்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நிபந்தனையாக்கிக் கொள்ளவும் மார்க்கம் இடமளிக்கிறது. அதை எழுத்தில் பெறுங்கள்.

நாளை நீங்களே அந்த லொறியை விற்கும் நாள் வரும். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் சொன்னால் அது அழிக்கப்படும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் வந்துள்ளது. நம்மிடம் யாரும் மீற்றரைத் திருப்பி விற்கக் கூடாதென்றால் நாமும் திருப்பக் கூடாது.

எனவே சகோதரிகளே, மாலையைக் கழற்றுவதற்கு முன்னர் கொப்பியைத் திறவுங்கள். விடியற்காலையில் பார்த்தாயிற்றா, பத்திரம் சரியா, திருத்தச் செலவுக்குக் காசு இருக்கிறதா, வட்டி கலக்கவில்லையா என்று அன்போடு கேளுங்கள். விடயம் அறிந்தோரிடம் ஆலோசனை பெற்று, இரண்டு ரக்அத் இஸ்திகாராத் தொழுது, பின்னர் இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். கேள்விகளுக்கெல்லாம் நல்ல பதில் கிடைத்தால் நான்கு இலட்சம் ஓடிய லொறியும் உங்கள் வாசலுக்கு ரிஸ்கைச் சுமந்து வரலாம். பதில் இல்லையென்றால் மாலை கழுத்திலேயே இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களில் உண்மையையும், உண்பவற்றில் ஹலாலையும், இல்லங்களில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.