சீகோங்

சீகோங் என்பது உடல் அசைவு, மூச்சு, மன ஒருமுகம் ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்யப்படும் சீனப் பயிற்சிகளின் பொதுப்பெயர் ஆகும். சீன மொழியில் 'சீ' என்ற சொல் மூச்சு, ஆவி, உயிராற்றல் எனப் பல பொருள் தரும். அதன் மரபு எழுத்துருவில் அரிசியைக் குறிக்கும் வடிவமும் அதன் மேல் எழும் ஆவியும் உள்ளன. 'கோங்' என்பது நீண்டநாள் உழைப்பால் கைவரும் திறன். யோக மரபில் பிராணன் எனப்படுவதற்கு 'சீ' நெருக்கமான கருத்து என்றாலும், இரண்டும் ஒன்றல்ல.

பயிற்சியின் அடிப்படை

தாவோயிய மரபு மனித உயிரை சிங் (உடற்சாரம்), சீ, ஷென் (உள்ளொளி) என மூன்றாகப் பார்க்கிறது. சாரத்தை ஆற்றலாகவும், ஆற்றலை உள்ளொளியாகவும் மாற்றுவதே உள்முகப் பயிற்சியின் நோக்கம். இதற்கான மையங்கள் தாந்தியன் எனப்படும். அவை தொப்புளுக்குச் சற்றுக் கீழும், மார்பிலும், புருவங்களுக்கு இடையிலும் இருப்பதாகக் கொள்ளப்படுகின்றன.

செய்முறை பார்வைக்கு எளிது. 'மரம்போல் நிற்றல்' என்னும் பயிற்சியில் கால்களைத் தோள் அகலத்தில் வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு மரத்தைத் தழுவுவதுபோல் கைகளை வளைத்து அசையாமல் நிற்க வேண்டும். மூச்சு அடிவயிறு வரை இறங்க வேண்டும். புதியவர்களுக்குச் சில நிமிடங்களிலேயே தொடைகள் நடுங்கத் தொடங்கிவிடும்.

பழமையும் புதுமையும்

பயிற்சிகள் பழையவை; அவற்றைக் குறிக்கும் இன்றைய பொதுப்பெயர் புதியது. ஹூனான் மாகாணத்தின் மவாங்துய் கல்லறையில் 1973இல் ஒரு பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. கி.மு. 168இல் மூடப்பட்ட அக்கல்லறையின் ஓவியத்தில் ஆண்களும் பெண்களுமாக 44 பேர் உடலை நீட்டியும் வளைத்தும் பயிற்சி செய்கின்றனர். அன்று இதன் பெயர் தாவோயின். புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றின் அசைவுகளைப் பின்பற்றும் 'ஐந்து விலங்கு' பயிற்சியைக் கிழக்கு ஹான் கால மருத்துவர் ஹுவா தூவோவின் பெயரோடு இணைப்பர்.

'தசைநாண் மாற்றும் நூல்' எனப்படும் யிசின்சிங்கைத் தென்னிந்தியாவிலிருந்து சென்ற போதிதருமர் அருளியதாக ஒரு மரபு உண்டு. தமிழ்த் திரைப்படம் ஒன்றின் வழியே போதிதருமர் கதை இங்கு மேலும் பரவியது. ஆனால் அந்த நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. போதிதருமருக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது.

சீகோங் என்ற சொல்லை மருத்துவப் பெயராக நிலைநிறுத்தியவர் லியூ குய்சென். ஹெபேய் பகுதியைச் சேர்ந்த இந்தப் பொதுவுடைமைக் கட்சி ஊழியர் வயிற்றுப்புண்ணால் அவதியுற்று ஊர் திரும்பியபோது, மூச்சுப் பயிற்சி ஒன்றைக் கற்று நலமடைந்தார். மதச் சாயலும் குரு வழிபாடும் களையப்பட்டு, அது மருத்துவமாக முன்வைக்கப்பட்டது. 1950களில் தாங்ஷான், பெய்தாய்ஹே ஆகிய இடங்களில் சிகிச்சை இல்லங்கள் திறக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டிலேயே அரசியல் காற்று திசைமாறியது. அதே பயிற்சி மூடநம்பிக்கை எனத் தூற்றப்பட்டது, லியூவும் பதவியிழந்தார்.

1980களில் பூங்காக்கள்தோறும் சீகோங் பெருகியது. கைபடாமல் நோய் தீர்ப்பதாகக் கூறிய ஆசான்களும் உடன் பெருகினர். இம்மரபிலிருந்து எழுந்த ஃபாலுன் கோங் இயக்கம் 1999இல் தடைசெய்யப்பட்டபின், அரசு மற்றக் குழுக்களையும் இறுக்கியது. 'எட்டுத் துண்டுப் பட்டு' எனப்படும் பாதுவான்சின் உள்ளிட்ட சில முறைகளைச் சீர்படுத்தி, உடல்நலப் பயிற்சியாக அரசே பரப்பியது.

பயனும் எச்சரிக்கையும்

'சீ' என்ற ஆற்றலை எந்தக் கருவியும் அளந்ததில்லை. ஆனால் மெதுவான அசைவும் ஆழ்ந்த மூச்சும் முதியோரின் உடற்சமநிலை, உறக்கம், மனஅழுத்தம் ஆகியவற்றில் நன்மை தரக்கூடும் என ஆய்வுகள் சில காட்டுகின்றன. அந்த நன்மையை ஏற்க உயிராற்றல் கோட்பாட்டையும் சேர்த்து நம்ப வேண்டியதில்லை. மறுபுறம், வழிகாட்டியின்றி மிகையாகச் செய்வோருக்கு மனக்குழப்பம் ஏற்படுவதைச் சீன மரபே 'தீயில் நடந்து பேயிடம் சிக்குதல்' என்று எச்சரிக்கிறது.

பெரிய ஆபத்து, மருந்தைக் கைவிட்டுப் பயிற்சியை மட்டும் நம்புவதுதான். 1970களில் பெய்ஜிங் பூங்காக்களில் புற்றுநோயாளிகளுக்கு நடைப்பயிற்சி வடிவில் சீகோங் கற்பித்த குவோ லின் என்ற ஓவியர், தாமும் புற்றுநோய்க்கு ஆளாகி அறுவைச் சிகிச்சை பெற்றவர். அவரது நடைமுறையை இன்றும் சீனாவில் நோயாளிகள் பலர் மருத்துவமனைச் சிகிச்சையோடு சேர்த்தே செய்துவருகின்றனர்.