மிதக்கும் மாளிகைக்கு ஒரு இரும்புக் கயிறு

மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளின் பழைய புகைப்படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர், கம்பங்களின் உச்சியைத் தொட்டபடி முன்னிருந்து பின்வரை ஓடும் கம்பிகள் எதற்கு என்று கேட்டிருக்கிறார். அவை இல்லாவிட்டால் படகின் முதுகே முறிந்துபோகும்.

1807-ல் ராபர்ட் ஃபுல்டனின் படகு ஹட்சன் ஆற்றில் ஓடியது. 1811-ல் பிட்ஸ்பர்க்கில் கிளம்பிய ‘நியூ ஆர்லியன்ஸ்’ மறு ஆண்டு ஜனவரியில் அதே பெயருள்ள ஊரை அடைந்தது. வரலாறு இவ்வளவு போதும். விஷயம் படகின் வயிற்றில் இருக்கிறது.

கோடையில் மணல்திட்டுகள் தலைகாட்டும் ஆறு அது. ஆகவே படகின் அடிப்பகுதியைத் தட்டையாக, ஆழமில்லாமல், மெல்லிய பலகையால் கட்டினார்கள். உயரம் குறைந்த உத்தரம் எளிதில் வளையும். பின்சக்கரப் படகில் கொதிகலன்கள் முன்னால், எந்திரமும் சக்கரமும் பின்னால். நடுப்பகுதியில் பாரம் குறைவு. அதனால் முனைகள் தொங்கி, நடு மேலெழும்பப் பார்க்கும்.

காவடித் தண்டில் இரண்டு குடம் தண்ணீர் சுமப்பவரை நினைத்துப் பாருங்கள். தோள் நடுவில், முனைகள் தொங்கும். ஒரு முனையில் கயிறு கட்டி, அவர் தலைக்கு மேலாக இழுத்து மறுமுனையில் இறுக்கினால் தண்டு நிமிரும். ஆனால் பாரம் தலைவழியே கழுத்தில் இறங்கும். அந்தக் கழுத்தின் வேலையைத்தான் படகில் கம்பங்கள் செய்கின்றன: தண்ணீர் மேலே உந்தும் நடு அடிமரத்தைக் கீழே அழுத்துகின்றன. குடத்தில் தண்ணீர் கூடினால் கயிற்றை இன்னும் இறுக்க வேண்டும். அளவு மீறினால் தண்டு எதிர்ப்பக்கம் வளையும். படகுக் கம்பியிலும் இதற்கென்றே திருகு உண்டு. சில கம்பிகளால் பல டன் மரத்தை மிச்சம்பிடித்த இந்த யோசனை அபாரமானது.

மெல்லிய பலகைக்கு விலையும் இருந்தது. 1856-ல் மிசௌரி ஆற்றில் நீருக்குள் கிடந்த மரம் குத்தி ‘அரேபியா’ சில நிமிடங்களில் மூழ்கியது. பயணிகள் தப்பினார்கள், கட்டிப்போட்டிருந்த கோவேறு கழுதை செத்தது. ஆறு தடம் மாறிவிட்டதால், 1988-ல் அந்தப் படகை வயலுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள்.

‘மிதக்கும் மாளிகை’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். சராசரிப் படகின் ஆயுள் ஏறக்குறைய ஐந்து ஆண்டுதான். 1870-ல் ‘ராபர்ட் ஈ. லீ’ என்ற படகு நியூ ஆர்லியன்ஸிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு 3 நாள், 18 மணி, 14 நிமிடத்தில் போனதை இன்றும் கொண்டாடுகிறார்கள். சரக்கு ஏற்றாமல், கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டு ஓடிய ஓட்டம் அது. மேல்தள அறைகளில் சரவிளக்கும் கம்பளமும் இருந்தது உண்மை. கீழ்த்தளப் பயணிகளோ மூட்டைகளுக்கு நடுவே, கொதிகலனுக்குப் பக்கத்தில் படுத்தார்கள். வழியில் விறகு ஏற்றிக் கொடுத்தவர்களுக்குக் கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடி கிடைத்தது.