ஒற்றை அறைச் சமையலுக்கு ஒரு உருட்டு மேசை

(நமது நிருபர்)

மும்பையில் வேலை கிடைத்தாலும் கிடைத்துவிடும். வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த வீட்டில் சமையல் கட்டு தனியாக இருந்தால் அது அதிர்ஷ்டம்தான்.

1920-களில் அன்றைய பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் "பி.டி.டி. சால்" குடியிருப்புகளைக் கட்டியது. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அறை 160 சதுர அடி. படுக்கை, படிப்பு, பூஜை, சமையல் எல்லாம் அதற்குள்தான். தாராவி கோலிகளில் பல இதைவிடச் சிறியவை.

இப்படிப்பட்ட வீட்டில் மேடை மீது அடுப்பை வைத்தால் வேறு எதற்கும் இடம் இராது. காய் நறுக்குவது தரையில். இறக்கிய சாம்பார் பாத்திரமும் தரையில். குழந்தை தவழ்வதும் அதே தரையில்தான். பாத்திரம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஒரு எளிய வழி, சக்கரம் வைத்த மர மேசை. வேலை நேரத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளலாம். முடிந்ததும் மூலையில் தள்ளிவிடலாம்.

அளவு என்ன?

2 அடி நீளம், 1½ அடி அகலம் போதும். உயரத்தை மட்டும் கடையில் இருப்பவர் சொன்னபடி வாங்காதீர்கள். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்க வேண்டும். முழங்கைக்கு 4 அங்குலம் கீழே பலகை இருந்தால் முதுகு வலிக்காது. சக்கரத்தின் உயரத்தையும் சேர்த்தே அளக்கவேண்டும். இல்லாவிட்டால் மேசை 2, 3 அங்குலம் உயர்ந்துவிடும்.

நான்கு சக்கரங்களில் இரண்டிலாவது பூட்டு இருக்கட்டும். டைல்ஸ் தரைக்கு ரப்பர் சக்கரமே நல்லது. அரிசி டப்பா, கிரைண்டர் போன்ற கனமான சாமான்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். அடி கனத்தால் மேசை சாயாது. ஆனால் கிரைண்டரை ஓட்டும்போது தரையில் இறக்கிவிடுங்கள்.

எந்த மரம்?

தேக்கு சிறந்தது, விலை அதிகம். வேங்கை, கருவேல மரமும் உழைக்கும். மாமரம் மலிவு என்றாலும் சீக்கிரம் பூச்சி அரிக்கும். பிளைவுட் வாங்கினால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேளுங்கள். அது கொதிநீரையும் தாங்கும் ரகம்.

துறைமுகத்திலும் ரெயில்வே சரக்குக் கொட்டகையிலும் சரக்கு அடுக்கும் மரச்சட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய சாமான் கடைகளில் அவை மலிவாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த சட்டமாக இருந்தால் அதில் குத்தியுள்ள முத்திரையைப் பாருங்கள். "எச்.டி." என்றால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது. "எம்.பி." என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது. இரண்டாவது வகை சமையல் கட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுப்பு ஏறக்கூடாது

இடம் மிச்சமாகிறதே என்று கியாஸ் அடுப்பை உருட்டு மேசையில் ஏற்றிவிடாதீர்கள். சிலிண்டரைக் கீழ்த்தட்டில் வைக்கவும் கூடாது. மேசை நகர்ந்தால் குழாய் இழுபடும், இணைப்பு கழன்றுவிடும். சமையல் கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கி, ஒரு பொறி கிடைத்தால் பற்றிக்கொள்ளும். கசிவு நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கொதிக்கும் பாத்திரத்தை வைத்தபடி மேசையை உருட்டவும் கூடாது. முதலில் பூட்டு, பிறகு பாத்திரம்!

பராமரிப்பு

மீனுக்கும் காய்கறிக்கும் தனித்தனிப் பலகை வையுங்கள். கல் உப்பு தூவி எலுமிச்சை மூடியால் தேய்த்தால் வாடை போய்விடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் மரம் பூஞ்சணம் பிடிக்கும். தினமும் ஈரத் துணியால் துடைத்த பின் உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். மோரிப் பக்கம் நிறுத்தாதீர்கள்.

தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து, சைக்கிளில் ஊரெங்கும் அனுப்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. தட்டுகளை இறக்கி ஆறவைக்க அவர்களுக்கும் இத்தகைய மேசை கைகொடுக்கும்.

சமையல் முடிந்து துடைத்துவிட்டால் இரவில் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கும் அதுவே மேசை. வாடகை வீட்டை மாற்றினால் மேடையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. உருட்டு மேசை கூடவே வரும்!