பூப்போட்ட கோப்பைகளும் மூக்குப்பேணியும்

ரொறன்ரோவில் எந்தப் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு தட்டு நிறையப் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் இருக்கும். ரோசா, வயலட், தங்க விளிம்பு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பெரும்பாலானவை இங்கிலாந்தில் செய்தவை. இவ்வளவும் இந்த நகரத்தில் வந்து குவிந்ததற்கு இரண்டாம் உலகப் போர்தான் முக்கிய காரணம். 1942இல் பிரித்தானியா தன் சொந்த மக்களுக்கு அலங்காரப் பீங்கான் விற்பதை நிறுத்தியது. உள்ளூருக்கு வெறும் வெள்ளைக் கோப்பை, பூப்போட்டதெல்லாம் டொலர் தேடிக் கப்பலேறியது. அந்தக் கட்டுப்பாடு 1952இல்தான் முற்றாக நீங்கியது. அதுவரை இங்கிலாந்தின் ஸ்டாஃபோட்ஷயர் சூளைகளின் அழகெல்லாம் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் வந்துகொண்டிருந்தது.

இங்கே அதை வாங்கக் கைகள் காத்திருந்தன. கலியாணத்துக்கு முன் மணப்பெண்ணுக்கு எடுக்கும் விருந்தில் தோழிகள் ஆளுக்கொரு கோப்பையும் சோசரும் கொடுப்பது அன்றைய வழக்கம். பழைய வீடுகளில் ஒன்றோடொன்று சேராத கோப்பைகள் வரிசையாக இருப்பது அதனால்தான். ஈட்டன்ஸ், சிம்சன்ஸ் போன்ற பெரிய கடைகளில் பீங்கானுக்கென்று தனிப் பகுதி இருந்தது. குயின் வீதிச் சிம்சன்ஸில் 1929இல் திறந்த ஆர்கேடியன் கோர்ட் உணவகத்தில் சாப்பிட்டுத் தேநீர் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, அதே மாதிரிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போக முடிந்தது.

அந்தக் கோப்பைகளில் ஊற்றிய தேயிலையும் பெருமளவு இலங்கையிலிருந்து வந்தது. மொன்றியலில் பிறந்து ரொறன்ரோவில் வியாபாரம் வளர்த்த பீற்றர் லார்க்கின் 1892இல் சலாடா தேயிலையைத் தொடங்கினார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற காலத்தில், இலங்கைத் தேயிலையை ஈயத்தாள் பொட்டலத்தில் அடைத்து விற்றவர் அவர். கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டு மலையகத்தில் லயத்து அறைகளில் வாழ்ந்த தமிழர்கள். கோப்பையின் அடியில் சூளையின் பெயர் உண்டு, தேயிலைப் பொட்டலத்தில் வியாபாரியின் பெயர் உண்டு. பறித்தவர் பெயர் இரண்டிலும் இல்லை.

இன்று சிம்சன்ஸ் இல்லை. ஈட்டன்ஸ் 1999இல் முடிந்தது. சிம்சன்ஸ் கட்டடத்தில் வந்து உட்கார்ந்த ஹட்சன்ஸ் பேயும் 2025 ஜூன் மாதத்தோடு தன் கடைகளை எல்லாம் மூடிவிட்டது. தங்க விளிம்புக் கோப்பையை மைக்ரோவேவுக்குள் வைக்க முடியாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் தங்கம் போய்விடும். பேரப்பிள்ளைகளுக்கு அது வேண்டாம். பாட்டி செத்த வீட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கடைக்கு வருகிறது. சில டொலருக்கு நல்ல கோப்பை கிடைக்கிற இந்தக் காலம் சேகரிப்பவர்களுக்கு நற்காலம். ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். 'இங்லண்ட்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட பிறகு பரவிய முத்திரை அது. 'மேட் இன் இங்லண்ட்' என்றிருந்தால் இருபதாம் நூற்றாண்டு. 'ஆர்.டி.' என்ற எழுத்தோடு எண் இருந்தால் அது 1884இல் தொடங்கிய வடிவப் பதிவு. வைர வடிவக் குறி அதற்கும் முந்தியது, 1842 முதல் 1883 வரை. ஹரோல்ட் ஹோல்ட்க்ரொஃப்ட் வரைந்து 1962இல் வந்த ரோயல் அல்பேட்டின் 'ஓல்ட் கன்ட்ரி ரோசஸ்' எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதில் இங்கிலாந்தில் செய்ததையும் பிறகு இந்தோனேசியாவில் செய்ததையும் அடிமுத்திரைதான் பிரித்துக்காட்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எலும்புச் சாம்பல் சேர்ந்த பீங்கான் என்றால் உள்ளே வைத்த விரலின் நிழல் தெரியும். நகத்தால் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும். மந்தமாகச் சத்தம் வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. கண்ணைப் பழக்கிக்கொள்ள குயின்ஸ் பார்க்கில் 1984இல் தொடங்கிய கார்டினர் அருங்காட்சியகத்துக்குப் போய்வருவது நல்லது. மைசன், வூஸ்டர் தேநீர்ச் சாமான்கள் அங்கே உண்டு.

வெள்ளி ரீபொட் என்று விற்பதில் பெரும்பாலானவை முலாம் பூசியவை. 'ஈ.பி.என்.எஸ்.' என்று பொறித்திருந்தால் உள்ளே நிக்கல் கலவை. கைப்பிடியிலும் விளிம்பிலும் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தட்டும். ஆங்கிலேயத் தூய வெள்ளிக்கு நடக்கும் சிங்கம் அடையாளம். அப்படிப்பட்டவை அரிதாகத்தான் கண்ணில் படுகின்றன. 1980இல் வெள்ளி விலை உச்சிக்கு ஏறியபோது உலைக்குப் போனவை ஏராளம். விலை இல்லாத முலாம் சாமான்தான் தப்பியது.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த நகரத்துக்கு வந்த எங்கள் வீடுகளில் இன்னொரு சாமான் இருக்கிறது, மூக்குப்பேணி. பக்கத்தில் சிறு மூக்கு வைத்த பித்தளைப் பேணி. அண்ணாந்து, வாய் படாமல் குடிக்கலாம். யாழ்ப்பாணத்தில் வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்த ஏனம் இப்போது ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. இதன் அடியில் முத்திரை கிடையாது. மூக்கை ஒட்டிய இடத்தின் வேலை, கையில் தெரியும் கனம், தேய்ந்த விளிம்பு, இவற்றைக் கொண்டுதான் பழையதா புதியதா என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பேணி எல்லோருக்கும் நீட்டப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க் கடைகளில் போத்தலிலும் தகரப்பேணியிலும் சிரட்டையிலும் ஊற்றினார்கள். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பிறகும் அது தொடர்ந்தது. தேநீர்க் கடைக்குள் சமமாக உட்காருவதற்குச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும், பின்னர் 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும் போராடின. சிரட்டையை யாரும் அலுமாரியில் வைக்கவில்லை. மூக்குப்பேணி வைத்திருப்பவர்கள் அதன் ஊரையும் யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை என்பதையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே போட்டு வைக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடிய அம்மம்மாக்கள் இந்த நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கோடையிலேயே கேட்டு எழுதிவிடுங்கள்.